அம்மனுக்குப் போன மலைமண்

ஐயா,

காலில் கல் இடித்துப் புண்ணாகி, இன்று காலை ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். கம்பவுண்டர் ஊற்றிய மருந்து புண்ணில் வெள்ளை வெள்ளையாய் நுரைத்தது. "எரியுதா ஆச்சி?" என்று கேட்டார். எரியவில்லை. உன் நினைப்பில்தான் கண் நிறைந்துவிட்டது.

இதே மருந்தைத்தானே நம் இலஞ்சி வீட்டுப் பட்டாசாலைக் கூடத்தில் உட்கார்ந்து நீ மண்ணில் ஊற்றுவாய். கோயம்புத்தூர் போய் விவசாயம் படித்த பேரன் மண்ணுக்குப் புண் ஆற்றுகிறானே என்று கேலி செய்தேன். "சிரிக்காதீங்க ஆச்சி. மண்ணுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத உசிருக கெடக்கு. மாவைப் புளிக்க வைக்குத மாதிரி ஒரு சரக்கை அதுக உண்டாக்குது. விழுந்த எலை மக்குததும் அந்த மாதிரிச் சரக்காலதான். அது கூடுதலா இருந்தா நுரையும் கூடுதலாப் பொங்கும்" என்றாய். அஞ்சாங்கிளாசோடு நின்றவளுக்கும் விளங்கியது. என் பேரன் மண்ணுக்கு நாடி பார்க்கிறான் என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

குற்றாலத்து மலையேறி, அடர்ந்த காட்டு மண்ணும் அதற்கு மேலே புல்வெளி மண்ணும் தனித்தனிக் கலயத்தில் கொண்டு வந்தாய். எது அதிகம் பொங்கும் என்று பார்க்க வேண்டும், காய்ந்தால் கெட்டுவிடும் என்று ஈரத்துணி போட்டு மூடினாய். மருந்து வாங்க நீ தென்காசிக்குப் போன நேரத்தில், உன் அம்மா இரண்டையும் ஒன்றாய்க் கொட்டி, ஆட்டுப் புழுக்கை சேர்த்துப் பிசைந்து, அம்மன் கோயில் ஆடிக் கொடைத் திருவிழாவுக்கு முளைப்பாரி போட்டுவிட்டாள். மலைமண் கிடைத்தால் பயிறு நல்லா வரும் என்று உன்னிடம் எப்போதோ சொல்லியிருந்தாளாம். "வாய்விட்டுக் கூடக் கேக்கல அத்தை. புள்ள அம்மனுக்குன்னு மலையேறிக் கொண்டாந்திருக்கான் பாருங்க" என்று அவளுக்கு முகமெல்லாம் பூரிப்பு.

வெறுங் கலயங்களைப் பார்த்துவிட்டு, "நல்லா மொளைக்கும்மா" என்றாய். அடுக்களைக்கு வந்து என்னிடம் மட்டும், "படிப்புக்கு எடுத்த மண்ணுன்னு அம்மாகிட்ட சொல்லிராதீங்க ஆச்சி. சந்தோசமா இருக்கா. நான் இன்னொரு தடவ போயிட்டு வந்திருதேன்" என்றாய்.

"சாரல் விடட்டும்லே."

"விட்டா மண்ணு காஞ்சிரும். நான் நனைஞ்சா காஞ்சுக்கிடுவேன்."

போனாய், மலையிலேயே தங்கி எடுத்து வந்தாய். காட்டு மண் பொங்கி வழிவதையும் புல்வெளி மண் சோம்பலாய் நுரைப்பதையும் எனக்குக் காட்டிச் சிரித்தாய். அந்தச் சிரிப்புதான் நான் கடைசியாகப் பார்த்தது. தெருவிலேயே உயரமான முளைப்பாரியை உன் அம்மா தலையில் ஏந்திப் போன அன்றுதான் உனக்குக் குளிர் கண்டது. மலைக்காய்ச்சல் என்றார்கள். கொய்னா மாத்திரைக்கும் அடங்காமல் உன்னைக் கொண்டு போய்விட்டது.

ஆடி பிறந்தால் இப்போதும் அவள் என் பக்கத்தில் வந்து உட்காருகிறாள். "அம்மனுக்கு எடுத்த அன்னைக்கே படிப்புக்கும் சேத்து எடுத்திருக்கப்படாதா அத்தை? ரெண்டாம் தடவ எதுக்குப் போனான்?"

"மறந்திருப்பாம்மா. மறதிக்காரப் பயதானே" என்கிறேன். உனக்கா மறதி? உன்னைக் குறைத்துச் சொல்ல எனக்கு நா கூசுகிறது ஐயா. இருந்தும் அவள் கேட்கும்போதெல்லாம் அதையேதான் சொல்கிறேன். பெற்றவள் நிம்மதியாய் ஒரு வாய் சாப்பிட வேண்டுமே.