நெவில் பாதியில் நிறுத்திய பாட்டு

மாலி வட்டாரம், விக்டோரியா
14 நவம்பர் 1982

அன்புள்ள கிளாரி,

கால்கூர்லியில் சுரங்க வேலை உன்னை ரொம்ப வாட்டவில்லையே? இங்கே மழையே இல்லை; கோதுமை முழங்கால் உயரம்கூட வரவில்லை. மிச்சமிருந்த ஆடுகளையும் போன மாதம் லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டோம்.

நெவிலைப் பற்றித்தான் எழுதுகிறேன். நாம் மூவரும் ஒரே பள்ளிப் பேருந்தில் போனவர்கள்; நான் அவனைக் கட்டிக்கொள்வதற்கு முன்பிருந்தே அவன் பேச்சு உனக்குத் தெரியும். கூரையே பறந்தாலும் "கொஞ்சம் காத்துதான்" என்பான்.

போன சனிக்கிழமை மதுக்கடையில் வழக்கம்போலப் பாட்டுச் சொல்ல எழுந்தான். ஆடு விற்கப் போன ஒருவனைப் பற்றி அவனே எழுதிய வேடிக்கைப் பாட்டு. நாலாவது அடியில் நின்றுவிட்டான். தாள் கையில்தான் இருந்தது. "என்னடா, கண்ணாடியையும் ஆட்டுக்கு மாட்டி அனுப்பிட்டியா?" என்று யாரோ கத்த, கடையே சிரித்தது. அவனும் சிரித்துவிட்டு உட்கார்ந்தான். வீடு வந்ததும் அந்தத் தாளை அடுப்பில் போட்டுவிட்டான்.

திங்கட்கிழமை வற்புறுத்தி டாக்டரிடம் கூட்டிப்போனேன். அஞ்சே நிமிஷத்தில் தொப்பியை மாட்டிக்கொண்டு வெளியே வந்தான். எப்படி இருக்கீங்க என்று டாக்டர் கேட்டாராம். "குறை சொல்றதுக்கில்ல" என்றானாம். அவ்வளவுதான் வைத்தியம்.

மறுநாள் நாயைப் பக்கத்துப் பண்ணை மெர்விடம் கொடுத்துவிட்டான். "ஆடில்லாம அதுக்கு இங்க என்ன வேலை?" என்றான். கிளாரி, அந்த நாய் அவன் கட்டிலுக்கடியில் தூங்கியது.

புதன்கிழமை அவன் வேலி பார்க்கப் போனதும், அலமாரியில் இருந்த அவன் துப்பாக்கியைப் போர்வையில் சுற்றி நானும் மெர்விடம் போனேன். உங்கள் பக்கம் நரித் தொல்லை என்று கேள்விப்பட்டேன் என்று ஏதோ உளறினேன். மெர்வ் என் முகத்தைப் பார்த்தார். "ஆமா கிளெனிஸ், நரி ஜாஸ்திதான். மழை வர்ற வரைக்கும் இது இங்கயே இருக்கட்டும்" என்று வாங்கி உள்ளே வைத்தார்.

அன்று மாலை நெவில் அலமாரியைத் திறந்து பார்த்தான். பிறகு மூடினான். தேநீர் போட்டு எனக்கும் ஒரு கோப்பை வைத்தான். ஏன் எடுத்தாய் என்று கத்தியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

என்னிடம் சொல்லமாட்டான். நீ வந்து அவனோடு ஒரு நாள் வேலிக் கம்பி இழுத்தால், மூன்றாவது கம்பத்தில் ஏதாவது சொல்லுவான். ஏன் வந்தாய் என்று கேட்டால், சும்மா வந்தேன் என்று சொல். நான் எழுதியதாகச் சொல்லிவிடாதே.

ரயில் உன்னைப் பத்திரமாகக் கொண்டு வரட்டும். இதற்குப் பதில் எழுத வேண்டாம், கிளாரி. தபால் எடுத்து வருவது அவன்தான். நேரே வந்துவிடு.

உன் தோழி,
கிளெனிஸ்