பதினொன்று நாற்பது வண்டி

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் நலம் என்றுதான் எழுத வேண்டும். அம்மாவுக்கு இருமல் குறையவில்லை. நீ அந்த ஊரில் மூட்டை தூக்குகிறாய் என்று மாமா சொன்ன நாளிலிருந்து சரியாகச் சாப்பிடுவதுமில்லை. "மெட்ரோ ஓட்டின கைடி அது" என்று மட்டும் சொல்கிறாள்.

கடைசி மெட்ரோ இப்போதெல்லாம் 11.40க்கு நொடி பிசகாமல் கிளம்பிவிடுகிறது. வெளியூர் ரயில் வழக்கம்போல் தாமதம்தான். ரயில் நிலையத்திலிருந்து மெட்ரோவுக்கு வரும் நடைபாலத்தைப் பெருக்கும்போது பார்க்கிறேன். ஓடி வருகிறவர்கள் மூடிய ஷட்டரைப் பார்த்ததும் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிடுகிறார்கள். ரயில், மெட்ரோ இரண்டு அலுவலகமும் கூடிப் பேசி நேரத்தை மாற்றப் போகிறார்களாம். நாம் ஒரு வாளியை வைத்தே அதைச் செய்தோம். ஆட்கள் வந்துகொண்டிருந்தால் நான் பாலத்திலிருந்து வாளியைத் தூக்கிக் காட்டுவேன், நீ வண்டியை நிறுத்தி வைப்பாய். இறக்கினால் கிளம்புவாய்.

தினமும் உன் கடைசி வண்டியில் போய்வந்து, அன்று அதைத் தவறவிட்டுச் செத்துப்போன அந்த அக்காவின் மகன், "அந்த டிரைவர் எப்பவும் காத்திருப்பார், அன்னைக்கு மட்டும் போயிட்டார்" என்று புகார் எழுதியதால்தான் எல்லாம் வெளியே வந்தது. விசாரணையில் நீ, "நானாத்தான் நிறுத்துவேன், யாரும் சொல்லல" என்றாயாம். வேலையே போனபோதும் என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அன்று அந்த அக்காவை நான் பார்க்கவில்லை என்று உன்னிடம் சொன்னேன். பொய் அண்ணா. பார்த்தேன். நீ 'எக்ஸ்பிரஸ்' என்று கேலி செய்வாயே, அதே நடைதான். வீங்கிய காலோடு ஒவ்வொரு படியாக ஏறிக்கொண்டிருந்தார். அப்போது சூப்பர்வைசர் வந்து, "யாருக்கும்மா வாளியத் தூக்கி சல்யூட் அடிக்கிற?" என்றார். கூட நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு முகமெல்லாம் சுட்டது. வாளியை இறக்கிவிட்டேன்.

"தம்பி எப்பவும் நிப்பானே, இன்னைக்கு என்ன?" என்று அக்கா என்னிடம்தான் கேட்டார். நான் தலைநிமிராமல் பெருக்கிக்கொண்டே இருந்தேன். அவர் பெரிய ரோட்டோரமாக நடந்தே போனார். அங்கேதான் கார் அடித்தது.

திங்கட்கிழமை நான் விசாரணை அறைக்குப் போகிறேன். எனக்கு அங்கே பேச்சு வராது. அதனால் இதையே இன்னொரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். அதை மேஜையில் வைத்துவிட்டு நிற்பேன்.

நீ என்னைத் திட்டி ஒரு வரியாவது எழுது. வருவதாக இருந்தால் பகல் வண்டியில் வா, அண்ணா. ராத்திரி வண்டியில் மட்டும் வராதே.

உன் தங்கை