கத்தரிப் பாத்தியில் காக்கிச் சட்டை

பிப்ரவரி 11, செவ்வாய்

இன்று காலை என் சட்டையின் தோளில் மயில் உட்கார்ந்திருந்தது. சட்டைக்குள் நான் இல்லை, வைக்கோல் இருந்தது. மயிலுக்கு இரண்டும் ஒன்றுதான் என்கிறாள் மாரிசெல்வி. கட்டிய மனைவி, நன்றாக இருக்கட்டும்.

பள்ளிக்கூடத் தோட்டத்தில் நான் சேர்ந்தது சுகருக்காக. டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். என் ஜெராக்ஸ் கடையிலிருந்து ரோட்டைக் கடந்தால் தோட்டம். அதையே நடை என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். ஆரம்பித்தவர் தலைமையாசிரியை தங்கபாய் டீச்சர். பிள்ளைகளும் தெருக்காரர்களும் சேர்ந்து கத்தரி, வெண்டை, தக்காளி, கீரை போட்டிருக்கிறோம். வெள்ளிக்கிழமை பறிப்பு. சத்துணவுக்குப் போக மீதி, வேலை செய்த வீடுகளுக்கு. மலைப்பக்கமிருந்து மயில்கள் வந்து பாத்தியைக் கிளற ஆரம்பிக்கும்வரை எல்லாம் ஒழுங்காகவே போயிற்று. அதற்காகத்தான் பொம்மை, அதற்காகத்தான் என் சட்டை.

பிப்ரவரி 14, வெள்ளி

பறிப்பு நாள். எல்லோரும் பையோடு வரிசையில் நின்றோம், ஒருவரைத் தவிர. மதிலுக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் விஜயபாண்டி, ரிட்டயர்டு ஏட்டு. தோட்டத்துக்குத் தண்ணீர், அவர் வீட்டு போர்வெல்லிலிருந்து மதில் தாண்டி வரும் ஓஸ் குழாயில்தான். ஆகவே முதல் காய் அவர் வீட்டுக்குப் போகும், யாராவது கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். இன்று நான்.

கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சொத்தை இருக்கா?"

"இல்ல ஏட்டையா."

"இருந்தா இப்பமே சொல்லிரு."

எனக்கே எதையாவது ஒப்புக்கொண்டுவிடலாம் போலிருந்தது.

பிப்ரவரி 17, திங்கள்

பள்ளித் தாளாளர் வந்தார். மயில் கிளறிய பாத்தியைப் பார்த்துவிட்டு, "மார்ச் பத்தாம் தேதி திரும்ப வாரேன் டீச்சர். அப்பவும் இதே கதின்னா சிமெண்ட் போட்டு பைக் நிறுத்த விட்ருவோம்" என்றார். டீச்சர் கண்ணாடியைக் கழற்றி ரொம்ப நேரம் துடைத்தார். அதில் அழுக்கே இல்லை.

பிப்ரவரி 19, புதன்

ஏட்டையா மகள் வீட்டுக்கு மதுரை போயிருக்கிறார். அவர் சம்சாரம் குருவம்மாள் அக்கா மதில் வழியாக ஒரு பொட்டலம் நீட்டினாள்.

"தம்பி, ஒங்க சட்டைக்கு மயிலு பயப்படாது. இதப் போட்டுப் பாருங்க."

பிரித்தால் காக்கிச் சட்டை. கையில் ஏட்டுக்குரிய மூன்று பட்டை.

"ஏட்டையாவுக்குத் தெரியுமாக்கா?"

"ரிட்டயர்டு ஆயி அஞ்சு வருசமாச்சு. பீரோ அம்புட்டும் அவிய யூனிபாரம். எஞ் சேலையெல்லாம் அட்டப்பெட்டியில கெடக்கு. கேட்டா, கூப்பிட்டாலும் கூப்பிடுவாகளாம்!"

யார், எதற்குக் கூப்பிடுவார்கள் என்று நான் கேட்கவில்லை. சட்டையை வாங்கிக்கொண்டேன்.

பிப்ரவரி 21, வெள்ளி

மயில்கள் மதிலில் வரிசையாக வந்து நின்றன. காக்கியைப் பார்த்தன. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத் திரும்பிவிட்டன. இந்த ஊரில் யாரைக் கண்டு பயப்பட வேண்டும் என்று மயிலுக்குக்கூடத் தெரிந்திருக்கிறது. பிள்ளைகள் பொம்மைக்கு சல்யூட் அடித்து "குட் மார்னிங் ஏட்டையா" என்கிறார்கள். நானும் ஒன்று அடித்தேன். சும்மா சொல்லக்கூடாது, நன்றாக இருந்தது.

பிப்ரவரி 24, திங்கள்

நிஜ ஏட்டையா வந்துவிட்டார். மாடியிலிருந்து பார்த்திருக்கிறார். அந்த நேரம் பார்த்துப் பொம்மையின் தலையில் காக்கா.

"மூணு பட்டை போட்டவன் தலையில காக்காவ உக்கார வச்சிட்டீங்கல்ல! எவம்லே செஞ்சது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தெருவில் எந்தக் குறும்புக்கும் என் முகம்தான் பொருந்துகிறது. ஓஸ் பாம்பு மாதிரி மதிலேறி அந்தப் பக்கம் போய்விட்டது.

பிப்ரவரி 25, செவ்வாய்

தண்ணீர் இல்லை. பொம்மையையும் கழற்றியாயிற்று, காக்கி என் வீட்டில் இருக்கிறது. மயில்களுக்குத் தகவல் உடனே போய்விட்டது.

பிப்ரவரி 28, வெள்ளி

பறிப்பு இல்லை. வீட்டுக் குழாயில் பிடித்து வைத்ததை ஆளுக்கு ஒரு வாளி சுமக்கிறோம். வெண்டை இலையெல்லாம் தொங்கிக் கிடக்கிறது. டீச்சர், "அண்ணாச்சி, பத்தாம் தேதிவரைக்கும் இது தாங்காது. நீங்க ஒரு வார்த்த பேசிப் பாருங்களேன்" என்றார். நானா? அந்த வீட்டுப் படி ஏறினால் கைரேகை எடுத்துவிட்டுத்தான் அனுப்புவார். — ஆனால் பிள்ளைகள் வாட்டர் பாட்டிலில் மிச்சம் வைத்துக் கத்தரிக்கு ஊற்றுதுகளே, அதை எப்படிப் பார்த்துக்கிட்டு இருக்க?

மார்ச் 2, ஞாயிறு

சட்டையைத் துவைத்து, இஸ்திரி போட்டுக் கொண்டுபோனேன். உள்கதவுக்குப் பின்னால் அக்கா நின்று கண்ணாலேயே கெஞ்சினாள். சரி, இருக்கிற கெட்ட பெயரோடு இதுவும் இருக்கட்டும்.

"மன்னிச்சிருங்க ஏட்டையா. ஒங்க வீட்டுக் கொடியில காஞ்சுது. வெளையாட்டா எடுத்துட்டேன்."

"எந்தக் கொடியில?"

"பின்னால..."

"அஞ்சு வருசமா பீரோவுக்குள்ள இருக்க சட்டை எந்தக் கொடியிலலே காயும்?"

இதை நான் யோசிக்கவில்லை. செய்யாத திருட்டைக்கூட ஒழுங்காக ஒப்புக்கொள்ளத் தெரியாதவன் நான்.

அக்கா வெளியே வந்தாள். "அந்தத் தம்பிய விடுங்க. நாந்தான் குடுத்தேன்."

"எதுக்குட்டி?"

"இங்க சும்மா தொங்குறதுக்கு அங்க நின்னு காவல் பாக்கட்டும்னுதான். நீங்க பாத்த வேலதான அது?"

ஏட்டையா உட்கார்ந்துவிட்டார். சட்டையை மடியில் வைத்து அந்தப் பட்டைகளைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு "போ" என்றார். யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை. நான் போய்விட்டேன்.

மார்ச் 3, திங்கள்

ஓஸ் வரவில்லை. அந்த வீட்டிலிருந்து தாளிக்கிற வாசமும் வரவில்லை. சண்டை பலம் என்று மாரிசெல்வியிடம் சொன்னேன். அவளுக்கு நேற்றே தெரிந்திருக்கிறது.

மார்ச் 5, புதன்

கடை திறக்கப் போனவன் தண்ணீர்ச் சத்தம் கேட்டு ஓடினேன். ஓடினேன் என்பதை டாக்டருக்குச் சொல்ல வேண்டும். மதிலில் ஓஸ். பாத்தி நடுவே பொம்மை, அதே காக்கியில். கழுத்துவரை பொத்தான், இடுப்பில் பெல்ட். கையில் பட்டைகள் மட்டும் இல்லை. ஒரு நூல்கூட நீட்டாமல் பிரித்திருந்தது. அவை இருந்த இடம் வெளுக்காமல் தனியாகத் தெரிந்தது.

மதிலுக்கு மேல் ஏட்டையாவின் தலை.

"அதுக்குப் பதவியெல்லாம் கெடையாது. டூட்டி மட்டுந்தான். பெல்ட்டு இல்லாம நிறுத்தாதீங்க."

"சரிங்க ஏட்டையா" என்றேன். கை தானாக நெற்றிக்குப் போயிற்று. இந்தத் தடவை விளையாட்டில்லை என்றுதான் நினைக்கிறேன்.

மார்ச் 10, திங்கள்

தாளாளர் வந்தார். வெண்டை நிமிர்ந்து நின்றது. சிமெண்ட் பேச்சை எடுக்கவில்லை. வீட்டுக்குக் கொஞ்சம் காய் கிடைக்குமா என்றார். வெள்ளிக்கிழமை பையோடு வரச் சொல்லிவிட்டார் டீச்சர்.

மார்ச் 14, வெள்ளி

பறிப்பு. வரிசையில் எனக்குப் பின்னால் யாரோ செருமினார்கள். திரும்பினால் ஏட்டையா, கையில் மஞ்சள் பை.

"நீங்க எதுக்கு ஏட்டையா? நான் கொண்டாந்து தாரேனே."

"நின்னு வாங்கிக்கிடுதேன். முன்னால பாருலே."

முன்னால் பார்த்தேன். மதிலுக்கு அந்தப் பக்கக் கொடியில் குருவம்மாள் அக்காவின் பட்டுச் சேலைகள் வெயிலில் தொங்கின. அட்டைப்பெட்டியில் விழுந்த மடிப்பு இன்னும் நிமிரவில்லை.