நான்காம் வருட ஸ்பானிஷ்

பியூப்லோ, கொலராடோ
19 அக்டோபர் 1997, ஞாயிறு

அன்புள்ள மகள் ஷெல்லிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. உடம்புக்கு ஒன்றும் இல்லை, மனசைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். உன் காலேஜ் பக்கம், மின்னசோட்டாவில், இதற்குள் குளிர் தொடங்கியிருக்கும். நீல ஸ்வெட்டரை எடுக்காமல் போய்விட்டாய், தனிப் பார்சலில் வருகிறது.

இந்தக் கடிதத்தை ஸ்பானிஷில் எழுதுகிறேன். உனக்கு யாரும் படித்துச் சொல்ல வேண்டியதில்லை என்பது இப்போது ஊருக்கே தெரியும். பெற்றவளுக்குத்தான் கடைசியில் தெரிந்தது. பதினெட்டு வருஷம் உன்னிடம் இங்கிலீஷிலேயே பேசிவிட்டு, இன்றைக்குத்தான் முதல் தடவையாக என் சொந்த மொழியில் உன்னிடம் வாயைத் திறக்கிறேன். அதுவும் சண்டை போட. எனக்கு இதைப் பேசத்தான் தெரியும், எழுத யாரும் சொல்லித்தரவில்லை. பிழை இருந்தால் உங்கள் ஸ்பானிஷ் டீச்சர் ஹோல்ம் மாதிரி சிவப்பு வட்டம் போட்டு வைக்காதே.

ஊர்ச் செய்தி பெரிதாக ஒன்றுமில்லை. மிளகாய் சீசன் முடிந்துவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை அப்பா ஒரு மூட்டை பச்சை மிளகாய் சுட்டு எடுத்துவந்து சமையலறையில் வைத்துவிட்டுப் போனார். "போனார்" என்று எழுதியிருப்பதைக் கவனித்திருப்பாய், நீதான் எதையும் விடமாட்டாயே. செப்டம்பரிலிருந்து அவர் தன் தம்பி, உன் லிப்ராடோ சித்தப்பா வீட்டில்தான் படுக்கிறார். ரயில்வே யார்டுக்கு அங்கிருந்து பக்கம் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்திருக்கிறோம்.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. மொத்தம் நான்கு வரி. நவம்பர் விடுமுறைக்கு வீட்டுக்கு வரவில்லை, என்னோடு தங்கியிருக்கும் பெண்ணின் வீட்டுக்குப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். கடைசி வரியில், "நீ இனிமேல் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம் அம்மா" என்று ஒரு குத்து. அந்த வரியை மட்டும் ஸ்பானிஷில் எழுதியிருந்தாய். படித்துவிட்டு மாவு பிசைந்துகொண்டிருந்த கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அன்று மாலைதான் உன் அறைக்குப் போய் உன் ஸ்பானிஷ் வகுப்பு நோட்டுகள் நான்கையும் எடுத்தேன். முதல் வருடத்திலிருந்து நான்காம் வருடம் வரைக்கும், அட்டை கூடக் கிழியாமல். பாடங்களை ஒவ்வொன்றாகப் புரட்டி, இந்தத் தேதியில் இதைப் படித்திருக்கிறாள், அப்படியானால் அன்றைக்கு நாங்கள் பேசியதில் இது புரிந்திருக்கும் என்று பார்த்துக்கொண்டே வந்தேன். ஒரு அம்மாவுக்கு இப்படி ஒரு வேலை வர வேண்டுமா, சொல்.

நாங்கள் உனக்கு ஏன் இந்த மொழியைத் தரவில்லை என்பது உனக்குத் தெரியும். சின்ன வயதில் வகுப்பில் வாய்தவறிப் பேசியதற்கு எனக்கு வாயில் சோப்பைத் தேய்த்தார்கள். அப்பாவுக்குப் பிரம்பு. அந்தப் பாடு உனக்கு வேண்டாம் என்றுதான் ஷெல்லி என்று பெயர் வைத்து இங்கிலீஷிலேயே வளர்த்தோம். ஆனால் சொல்லாத இன்னொன்றும் உண்டு. அந்த மொழி எங்களுக்கு வசதியாகிப் போனது. உனக்குத் தெரியக் கூடாததை எல்லாம் அதில் போட்டுப் பூட்டி வைத்தோம்.

நீ ஒன்பதாம் வகுப்பில் ஸ்பானிஷ் எடுத்தபோது உன் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். ஒரு சீமாட்டி, கடற்கரைக்குப் போகும் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிறாள். பியூப்லோவில் கடற்கரை! சாப்பாட்டு மேஜையில் உன்னை வைத்துக்கொண்டே அப்பாவிடம் ஸ்பானிஷில், "இதைப் படிச்சு இவளால நம்ம சமையக்கட்டைக்கூடத் தாண்ட முடியாது, நீ பாட்டுக்குப் பேசு" என்றேன். வருஷத்துக்கு நான்கு முறை உன் மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போட்டேன். ஸ்பானிஷ் என்ற இடத்தில் எப்போதும் ஏ. ஒரு தடவைகூட எனக்கு உறைக்கவில்லை. பள்ளிக்கூட ஸ்பானிஷ் வேறு, நம்ம ஸ்பானிஷ் வேறு என்று அவ்வளவு நிச்சயம் எனக்கு.

முதல் வருட நோட்டில் நிறம், துணிமணி, கிழமை, சாப்பாடு, சொந்தக்காரர்கள். அந்த டிசம்பரில் நான் அப்பாவிடம், "சிவப்புக் கோட்டு கார் டிக்கியில இருக்கு, சனிக்கிழமைக்குள்ள எடுத்து ஒளிச்சு வை" என்றேன். கிறிஸ்துமஸ் அன்று நீ பொட்டலத்தைப் பிரிக்கிறதுக்கு முன்னாலேயே ஆச்சரியப்பட்டாய். அப்பாகூட, "இவ என்னடி நாடகக்காரி மாதிரி பண்றா" என்று கேட்டார். சிரித்தோம்.

இரண்டாம் வருடம் நடந்து முடிந்ததைச் சொல்லக் கற்றிருக்கிறாய். உடம்பின் பாகங்கள், வலி, டாக்டர். அந்த மார்ச்சில்தான் என் மார்பில் கட்டி இருந்தது. உன்னிடம் பல் டாக்டரிடம் போகிறேன் என்றேன். ராத்திரிச் சாப்பாட்டின்போது அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், ஊசி போட்டு எடுத்தது, முடிவு வர ஒன்பது நாள் ஆகும் என்பது வரைக்கும். அந்த ஒன்பது நாளும், பயப்பட ஒன்றுமில்லை என்று முடிவு வரும் வரைக்கும், நீ யாரும் சொல்லாமலே பாத்திரம் கழுவினாய். நான் என் தங்கை, உன் ஓஃபேலியா சித்திக்குப் போன் போட்டு, "பொண்ணுக்குப் பொறுப்பு வந்துடுச்சுடி" என்று பீற்றிக்கொண்டேன். உன் முதுகு என் பக்கம் இருந்தது. திரும்பிப் பார்த்து, அம்மா உனக்கு என்ன என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே ஷெல்லி. பயத்தை என்னிடம் காட்டாமல் தனியாகவே வைத்துக்கொண்டாயே.

மூன்றாம் வருட நோட்டின் முதல் பக்கத்தில், இந்த வருடம் கற்கப்போவது என்று எழுதியிருக்கிறது. ஆசை, சந்தேகம், பயம், நடக்காமல் போனவை. படித்ததும் நோட்டை மூடி வைத்துவிட்டேன். அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் அப்பா சூதுவாது தெரியாமல் கொட்டகையில் வண்டியைக் கழற்றிப் போட்டுக்கொண்டிருப்பார். நான் சமையலறையில் போனைக் காதில் இடுக்கிக்கொண்டு அல்புகர்க்கியில் இருக்கும் சித்தியிடம் பேசுவேன். நீ மேஜையில் வீட்டுப்பாடம் செய்வாய். அப்படி ஒரு நாள் சொன்னேன்: "இந்தப் பொண்ணு மட்டும் இல்லன்னா நான் எப்பவோ உன்கிட்ட வந்திருப்பேன்டி. இவ படிப்பை முடிச்சுக் கிளம்பட்டும், அன்னிக்கே நானும் கிளம்பிடுறேன்." ஒரு நாள் இல்லை, பல நாள் சொல்லியிருக்கிறேன். நீ தலையைத் தூக்கி, பென்சில் சீவி எங்கே என்று இங்கிலீஷில் கேட்டாய். மேல் டிராயரில் என்றேன்.

அந்த வருஷம் பெற்றோர் கூட்டத்தில் ஹோல்ம் டீச்சர், "உங்க மக பேச்சுல வீட்டு வாசனை அடிக்குது, வீட்ல நிறையப் பேசுவீங்க போல" என்றார். மரியாதைக்குச் சொல்கிறார் என்று நினைத்துத் தலையாட்டிவிட்டு வந்தேன்.

நான்காம் வருடம் செய்தித்தாள் படிப்பது, வாதாடுவது, காகிதம் இல்லாமல் ஐந்து நிமிஷம் பேசுவது. மே மாதம் பள்ளி மண்டபத்தில் அந்தப் பேச்சு. நீதான் அழைத்தாய். அப்பா கல்யாணத்துக்குப் போகிற மாதிரி டை கட்டிக்கொண்டு வந்தார். அங்கே எல்லாப் பிள்ளைகளுக்கும் வகுப்பில் ஒரு ஸ்பானிஷ் பெயர் உண்டாமே, எனக்கு அதுகூடத் தெரியாது. டீச்சர் மேடையிலிருந்து "டெல்ஃபினா" என்று கூப்பிட்டதும் நான் எழுந்து நின்றுவிட்டேன். எல்லாரும் சிரித்தார்கள், நானும் அசடு வழிந்துகொண்டு உட்கார்ந்தேன். என் பெயரைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறாய், நான்கு வருஷமாக. அந்த ஒரு நிமிஷம் எனக்கு எவ்வளவு பெருமை என்று சொல்ல முடியாது.

பிறகு நீ பேசினாய். அது புத்தக ஸ்பானிஷ் இல்லை. என் பேச்சு, என் இழுவை, நான் போனில் பெருமூச்சு விடுகிற இடம் வரைக்கும் அப்படியே. "எங்க வீட்ல ஒருத்தர் நான் எப்போ போவேன்னு காத்துக்கிட்டிருக்காங்க. எனக்குப் புரியாதுன்னு நினைச்சு என் முன்னாடியே சொல்வாங்க. நான்தான் அவங்க கதவுல தொங்குற பூட்டு. ஆகஸ்ட்ல நான் போறேன், அவங்க போகலாம்" என்றாய். பாதிப் பெற்றோருக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. பல் தெரியச் சிரித்துக்கொண்டு கை தட்டினார்கள். என் பக்கத்தில் இருந்த அம்மாள் என் முழங்கையைத் தட்டி, உங்கள் பெண் எவ்வளவு அழகாகப் பேசுகிறாள் என்றாள். உன் அப்பாவுக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. அவரும் தட்டினார். கடைசி வரை தட்டிக்கொண்டிருந்தவர் அவர்தான்.

நீ உன் கூட்டாளிகளோடு சாப்பிடப் போய்விட்டாய். நாங்கள் இரண்டு பேரும் காரில் வந்தோம். வீட்டு வாசலில் என்ஜினை அணைத்துவிட்டு, "பள்ளிக்கூடத்துல, புள்ள வாயாலதான் எனக்கு இது தெரியணுமா, டெல்ஃபினா?" என்று கேட்டார். அவ்வளவுதான். அதற்கப்புறம் நீ கிளம்பும் வரை மூன்று பேரும் உப்பைக் கொடு, கதவைச் சாத்து என்று இங்கிலீஷிலேயே ஓட்டினோம்.

சொல்லிவிடுகிறேன். நீ எனக்குத் துரோகம் செய்தாய் ஷெல்லி. என் வீட்டில், என் சோற்றைத் தின்றுகொண்டு, நான்கு வருஷம் ஒட்டுக்கேட்டாய். கேட்டதை என்னிடம் வந்து கேட்காமல் சபையில் போட்டு உடைத்தாய். என் புருஷனிடம் நான் சொல்ல வேண்டியதை என் குரலிலேயே நீ சொல்லிவிட்டாய். இதை நான் மன்னிக்கவில்லை. மன்னித்ததாக எழுதினால் பொய்.

ஆனால் நோட்டுகளை மூடிய பிறகு தூக்கம் வரவில்லை. நான் சித்தியிடம் சொன்னதையே திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தேன். நீ இல்லாவிட்டால் போயிருப்பேன் என்றேனே, அதுதான் பெரிய பொய். நீ ஆகஸ்டில் போய்விட்டாய். அப்பாவும் போய்விட்டார். கதவு திறந்துதான் கிடக்கிறது. இரண்டு மாதமாக நான் பெட்டியைக்கூடக் கீழே இறக்கவில்லை. நீ பிறக்கிறதுக்கு முன்னாலும் நான் போகவில்லையே. தனியாக வாழப் பயம், இவரோடு முழு மனசாக வாழவும் பயம். பயந்தாங்கொள்ளி என்று தங்கையிடம் ஒத்துக்கொள்ள வெட்கமாக இருந்தது. பக்கத்தில் நீ உட்கார்ந்திருந்தாய், உன் பெயரைச் சொல்லிவிட்டேன். நீ பூட்டு இல்லை. ஒருநாளும் இருந்ததில்லை.

இன்று மத்தியானம் அப்பா மிளகாய் கொண்டுவந்த சாக்கைத் திரும்ப எடுத்துப்போக வந்தார். அவரிடமும் இதைச் சொன்னேன், ஸ்பானிஷில், அடக்காத குரலில். நின்றபடியே கேட்டார். "அப்ப பதினெட்டு வருஷமா நம்ம ரெண்டு பேர் பாரத்தையும் அந்தப் புள்ள தலையில ஏத்தி வச்சிருந்தியா நீ?" என்றார். அவர் திரும்பி வருவாரா, நான் அல்புகர்க்கி போவேனா, எனக்கே தெரியாது. அது எங்கள் இரண்டு பேர் பாடு, இனி உன்னை அதில் இழுக்க மாட்டேன்.

நவம்பரில் வா. சமாதானம் ஆகித்தான் வர வேண்டும் என்றில்லை. கோபத்தோடேயே வா. மேடையில் எல்லாருக்கும் சொன்னதை என் முகத்தைப் பார்த்துச் சொல், இந்த மொழியிலேயே கத்து, குறுக்கே பேசமாட்டேன். நானும் கோபமாகத்தான் இருப்பேன். ஆனால் நீ கிளம்புகிற நாளுக்காக நான் காத்திருந்ததாகக் கேட்டவள், நீ வருகிற நாளுக்காக நான் காத்திருப்பதையும் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போ.

போகும்போது நெற்றியில் சிலுவை போட விடாமல் பஸ் ஏறிவிட்டாய். இங்கிருந்தே போடுகிறேன். ஆண்டவர் உன்னைக் காக்கட்டும்.

உன் அம்மா,
டெல்ஃபினா