கார்னெட் தாளில் உன் வயலின்

பீர்மேடு, வியாழக்கிழமை

அன்புள்ள மாப்ள,

உங்கக்கா சுகமா இருக்கா. நான் இதை எழுதுறது அவளுக்குத் தெரியாது.

சிங்கப்பூர்ல நம்ம கோயில் பாடகர் குழு நல்லாவே பாடிச்சு. இசைக்கருவிகளை வெளிநாட்டுக்குக் கொண்டுபோய் அப்படியே திருப்பிக் கொண்டுவர, சுங்கத்துக்கு 'கார்னெட்'னு ஒரு தாள் குடுக்கணும். அதை நிரப்பினது நான்தான். மூணாவது வரியில உன் வயலினோட நிறம், நம்பர் எல்லாம் எழுதினேன்.

உனக்கு விசா வரலைன்னு நான் சொன்னப்ப நீ அப்படியே நம்பிட்ட. "நான் வராட்டி என்ன அத்தான், வயலினாவது போகட்டும்"னு துடைச்சுக் குடுத்த.

திரும்பி வந்தப்ப கொச்சி ஏர்போர்ட்ல அதிகாரி ஒவ்வொண்ணா எடுத்துத் தாளோட ஒத்துப் பார்த்தார். வயலினைத் தூக்கி, "இது ஆருடெயா?"ன்னு கேட்டார். என்னோடதுன்னு சொல்லிட்டேன். போனதெல்லாம் வந்தாச்சுன்னு முத்திரை குத்திக் குடுத்தார்.

மாப்ள, உன் விண்ணப்பத்தை நான் அனுப்பவே இல்ல. உன் பாஸ்போர்ட் என் அலமாரியிலதான் கெடந்துச்சு. தனியா வயலின் வாசிக்க ஃபாதர் உன்னைத்தான் சொல்லியிருந்தார். ஒரு தடவையாவது அந்த எடத்துல நான் நிக்கணும்னு ஆசைப்பட்டேன். நின்னேன், வாசிச்சேன். எல்லாரும் எழுந்து கை தட்டினாங்க. என்னால நிமிர்ந்து பார்க்க முடியல.

சனிக்கிழமை உங்கக்காகிட்ட சொல்லிடுவேன். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் உன் எஸ்டேட் லயத்து வீட்டுக்கு வர்றேன். நீ கதவைத் தொறக்கலைன்னா, வயலினை வாசல்ல வெச்சுட்டு ஓடிர மாட்டேன். தொறக்குற வரைக்கும் நிப்பேன்.

உன் அத்தான்