முதல் செஷனில் இருப்பவள்

மே 12, செவ்வாய்

கத்திரி வெயில். ஒன்பது மணிக்கே ஷட்டர் சுடுகிறது. துப்பட்டாவைச் சுற்றிப் பிடித்துத்தான் தூக்கினேன்.

இன்று:
- ஆதார் திருத்தம், மூன்று பேர்.
- கல்லூரி விண்ணப்பம், ஆறு பிள்ளைகள். சைட்டில் முதலில் சாதிச் சான்றிதழைக் கேட்கிறான். மார்க் ஷீட் பிறகுதான்.
- பிரிண்டர் மை.
- ராயகிரிக்காரர் டிவிடி.

அவர் பதினொன்றுக்கு வந்தார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, துணிப்பை நிறைய மஞ்சள் தடவிய பத்திரிகைகள். சின்ன மகள் சுபாவுக்கு வைகாசியில் கல்யாணம். அவள் வயசுக்கு வந்தபோது நடந்த சடங்கு வீட்டுப் படங்கள் இந்த டிவிடியில் இருக்கின்றன. மண்டபத்தில் பெரிய திரையில் ஓட்டப் பென் டிரைவில் வேண்டுமாம், புது டிவிடியும் ஒன்று. படம் எடுத்த ஸ்டூடியோக்காரர் கடையை மூடிவிட்டுத் திருப்பூர் போய்விட்டார். இப்போது வருகிற லேப்டாப் எதிலும் டிவிடி டிரைவ் கிடையாது. எங்கள் கடையில் பழைய கம்ப்யூட்டரில் ஒன்று இன்னும் ஓடுகிறது. லினக்ஸ் போட்டு அதை உயிரோடு வைத்திருப்பது நான்.

"நீ யாரு மவம்மா? எந்தத் தெரு?"

"பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால."

அங்கே எல்லாச் சாதியும் குடியிருக்கிறது. அவருக்குக் கணக்கு வரவில்லை. கொஞ்ச நேரம் என் நெற்றியையும் கழுத்தையும் பார்த்தார். பிறகு போய்விட்டார்.

கடை முதலாளி துரைராஜ் அண்ணாச்சிக்கு ஒரே சிரிப்பு. "ஏட்டி, கேட்டா சொல்லிட்டுப் போயேன். ஒனக்கு ஏன் இவ்வளவு வீம்பு?"

"அவரு தெருவையா கேட்டாரு?"

"தெரியுதுல்லா. பெறவு என்ன."

டிவிடியில் கீறல். கீறல் விழுந்ததை நான் நேரே காப்பி செய்வதில்லை. முழு டிஸ்க்கையும் ஒரே கோப்பாக, இமேஜாக, உறிஞ்சி எடுத்து வைத்துக்கொண்டு அதிலிருந்துதான் வேலை. ஓடவிட்டேன். டிரைவ் இழுத்து இழுத்து மூச்சு விட்டது, சளி பிடித்த ஆள் மாதிரி.

மே 13, புதன்

பராமரிப்பு மின்தடை. ஒன்பதே காலுக்குத் தெருவில் அத்தனை விசைத்தறியும் ஒரே நொடியில் நின்றன. இந்தத் தெருவின் சத்தம் நிற்கும்போதுதான் அது ஒரு சத்தம் என்றே தெரிகிறது. யுபிஎஸ் மட்டும் விட்டுவிட்டுக் கத்தியது.

இமேஜ் தயார். திறந்தேன். சரியாக இருக்கிறதா என்று டிரைவில் இருந்த டிஸ்க்கையும் பக்கத்தில் திறந்தேன்.

டிஸ்க்கில் நாலு பேர் நிற்கிற படம். இமேஜில் அதே பெயருள்ள படத்தில் ஐந்து பேர்.

வேறு டிஸ்க்கோ என்று நினைத்தேன். இல்லை. கோப்புப் பெயர், பந்தல், சுபாவின் பச்சைப் பட்டு எல்லாம் அதேதான். டிஸ்க்கில் பூந்தொட்டி இருக்கும் இடத்திலெல்லாம் இமேஜில் ஒரு பெண் நிற்கிறாள். பதினேழு, பதினெட்டு இருக்கும். மூக்கு கொஞ்சம் தூக்கல். எல்லாப் படத்திலும் கேமராவைத்தான் பார்க்கிறாள்.

டிஸ்க்கில் மறுபடி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒரு படத்தில் சுபாவின் தோள்மேல் ஒரு கை. அந்தக் கைக்கு ஆள் இல்லை. ஸ்டூடியோக்காரர் பூந்தொட்டியை ஒட்டும்போது கையை மறந்திருக்கிறார்.

பயந்தேன். எழுதுவதற்கு வெட்கமில்லை. தெருவில் சத்தமும் இல்லை.

பிறகு புரிந்தது. ஒருமுறை மட்டும் எழுதக்கூடிய டிவிடி. அதில் எதையும் அழிக்க முடியாது. ஒரு தடவை எழுதுவது ஒரு செஷன்; இடம் மீதியிருந்தால் அடுத்த செஷன் எழுதலாம். அப்போது புதுப் பட்டியல் ஒன்று சேரும், டிரைவ் அந்தக் கடைசிப் பட்டியலை மட்டும் காட்டும். பஸ் ஸ்டாண்டுச் சுவரில் போஸ்டர்மேல் போஸ்டர் ஒட்டுகிற மாதிரி. அடியில் பழையது அப்படியே இருக்கும். இமேஜாக எடுத்துவிட்டால், கடைசிப் பட்டியல் எங்கே என்று அந்தக் கோப்புக்குத் தெரியாது. முதல் பட்டியலையே திறந்துவிடும். அவள் முதல் செஷனில் இருக்கிறாள். இரண்டாவதில் இல்லை.

மத்தியானம் கரண்ட் வந்த பிறகு அண்ணாச்சியிடம் காட்டினேன். சோற்றுக் கையோடு எட்டிப் பார்த்தவர் கையை உதறிவிட்டார்.

"இது அந்தாளு மூத்த புள்ளல்லா. கோமதி."

"இப்ப எங்க?"

"செத்துப் போச்சு. காலனிப் பையன் கூடப் போச்சு. பேசித் திரும்பக் கூட்டிட்டு வந்தாக. பெறவு வயித்துவலின்னாக."

இந்தப் பக்கத்துப் பெண்களுக்கு வருகிற வயிற்றுவலி எந்த டாக்டருக்கும் தெரியாது. ஆஸ்பத்திரிக்குப் போகாது. போலீஸ் ஸ்டேஷனுக்கும் போகாது. விடிவதற்குள் எரிந்துவிடும்.

"எப்ப?"

"மூணு வருசம் இருக்கும். ஆடித்தபசுத் திருவிழா முடிஞ்சு பத்தாம் நாளு. எனக்கு ஏன் தெரியும்னா அன்னைக்குத்தான் என் மச்சான் கடை தொறப்பு."

இரண்டாவது செஷனின் தேதியைப் பார்த்தேன். அதே வருசம், தபசுக்கு மறுநாள்.

அவள் சாவதற்கு ஒன்பது நாள் முன்னால் படத்திலிருந்து எடுத்துவிட்டார்கள்.

ஓடிப்போன கோபத்தில் செய்திருக்கலாம். இது எதற்கும் சாட்சி இல்லை. ஸ்டேஷனுக்கு எடுத்துப்போனால், பூந்தொட்டி வைத்தது குற்றமாம்மா என்பார்கள். எனக்குத் தெரியும். ஆனாலும் ஒன்பது நாள் அவள் நடந்திருக்கிறாள், சாப்பிட்டிருக்கிறாள், அவள் இடத்தில் தொட்டி இருந்திருக்கிறது.

மே 14, வியாழன்

தப்பு என்னுடையது. அண்ணாச்சியிடம் காட்டியிருக்கக் கூடாது.

ராயகிரிக்காரர் மனைவியோடு வந்தார். அந்த அம்மாள் ஒல்லி. ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்தாள். அண்ணாச்சி, என் கெட்டிக்காரத்தனத்தைச் சொல்வதாக நினைத்து, "பழைய படமெல்லாம் அடியிலயே கெடக்காம்லா அண்ணாச்சி! இந்தப் புள்ள கண்டுபிடிச்சிருக்கு" என்றார்.

"அடியிலன்னா?"

அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார்.

"காட்டு."

இமேஜைத் திறந்தேன். திரையிலிருந்து கோமதி பார்த்தாள். அவர் என் தோளுக்கு மேலே குனிந்து நின்றார். மனைவி எழுந்து வந்தது அவருக்குத் தெரியவில்லை. எனக்குக் கண்ணாடிக் கதவில் தெரிந்தது.

அவர் விரலை நீட்டி மானிட்டரை அணைத்தார்.

"அந்த ஸ்டூடியோக்காரன்ட்ட முழுசா எடுத்துருன்னுல்லா சொன்னேன். இதுலயே மாத்திக் குடுத்திருக்கான், களவாணிப்பய. புதுசு எழுதியாச்சா?"

"இல்ல."

"சனிக்கெழமை வாரேன். நல்ல படத்த மட்டும் எழுதி வையி. இந்தப் பழச நாந்தான் ஒடைப்பேன். கம்ப்யூட்டர்ல இருக்கதையும் என் முன்னால அழிக்கணும். வே, கேட்டீரா? வெளிய ஒரு படம் போச்சு, கடை இருக்காது."

அண்ணாச்சி தலையாட்டினார். அவர்கள் போனபின் என்னை ஏசினார். டீ குடித்தேன், ஆறிப்போயிருந்தது. இட்லி மாவு வாங்க மறந்தேன்.

மே 15, வெள்ளி

பத்தரைக்கு அந்த அம்மாள் தனியாக வந்தாள். நெற்றியில் கோயிலில் பிரசாதமாகத் தருகிற புற்றுமண். கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். அண்ணாச்சி பேங்க்குக்குப் போயிருந்தார்.

"அத ஒருக்க காட்டு தாயி."

காட்டினேன். திரையைத் தொட்டுப் பார்த்தாள். புற்றுமண் விரலில் இருந்திருக்கிறது, கோமதியின் கன்னத்தில் ஒட்டிக்கொண்டது. துடைக்கப் போனேன். வேண்டாம் என்றாள்.

"இந்தச் சேலை எனக்குள்ளது. கேக்காம உடுத்திட்டா. அன்னைக்குப் பூராம் அவள ஏசிட்டே இருந்தேன்."

வீட்டில் ஒரு படம்கூட இல்லையாம். ரேஷன் கார்டில் பெயர் இல்லை. பள்ளிக்கூடச் சான்றிதழை அடுப்பில் போட்டார்களாம். ஊரில் யார் செத்தாலும் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டுகிறோம், கோமதிக்கு அதுவும் கிடையாது.

பிரிண்ட் போட்டுத் தரட்டுமா என்று கேட்டேன்.

"எங்கன வைப்பேன்? பீரோவத் தெனம் கொடையுதாரு."

"போன்ல?"

"அதையும் பாப்பாரு."

"அப்ப எங்கிட்ட ஒரு காப்பி இருக்கட்டும். எப்ப வேணாலும் வந்து பாருங்க."

இல்லை என்று தலையை ஆட்டினாள். பிறகு: "வேண்டாம் மக்கா. அடுத்த வீட்ல அவ கெடக்க வேண்டாம். அன்னைக்கு அவள வீட்டுக்குள்ளயே கொண்டு வரல. தோட்டத்துல இருந்து அப்படியே தூக்கிட்டுப் போயிட்டாவ. நான் நடையில தண்ணியத் தெளிச்சு வச்சிட்டு நிக்கேன், கொண்டு வருவாவ கொண்டு வருவாவன்னு." மூக்கைச் சிந்தினாள். "அந்தப் புதுத் தட்டுலயும் அவள அடியில வைக்க முடியுமா?"

முடியும். முதல் செஷனில் பழைய படங்கள். அதற்கு மேல் இரண்டாவது செஷனில் அவர் கேட்டவை. கம்ப்யூட்டரில் போட்டால் மேலே இருப்பதுதான் தெரியும். ஆனால் சில பழைய பிளேயரில் முதல் செஷன் திறந்துவிடும். அதையும் சொன்னேன். கல்யாண வீட்டில் யாராவது அப்படிப் போட்டால் என்ன ஆகும், உங்களை அவர் என்ன செய்வார் என்றும் கேட்டேன்.

"தொறந்தா தொறக்கட்டும்."

அந்தக் குரலை இதற்கு முன் அவளிடம் கேட்கவில்லை.

எழுத உட்கார்ந்தேன். முதல் செஷன் பன்னிரண்டு நிமிடம். அதுவரை ஸ்டூலில் உட்கார்ந்து, டிரைவில் மினுங்குகிற பச்சை விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவ உள்ள போயிட்டாளா?" என்று இரண்டு தடவை கேட்டாள். இரண்டாவது செஷனை அவள் போன பிறகு எழுதினேன். கோமதியின்மேல் பூந்தொட்டியை வைக்கிற வேலை, இந்த முறை என் கையால். டிஸ்க்கை மூடியும் விட்டேன். இனி அதில் யாரும் எதுவும் எழுத முடியாது.

இதைத் தைரியம் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளக் கூடாது. ஊரைக் கூட்டிக் கத்தியிருக்க வேண்டிய விஷயத்தை ஒளித்து வைக்கத்தான் உதவியிருக்கிறேன். கத்தினால் அடி விழப்போவது அந்த அம்மாளுக்கு. இரண்டும் உண்மை.

மே 16, சனி

மேகம், மழை இல்லை. புழுக்கம். பத்து மணிக்கு இருவரும் வந்தார்கள்.

பென் டிரைவை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, புது டிவிடியைப் போட்டுக் காட்டச் சொன்னார். காட்டினேன். ஒவ்வொரு படமாகப் பார்த்தார். எல்லாவற்றிலும் நாலு பேர். என் கழுத்தில் வியர்வை இறங்கியது.

"அடியில ஒண்ணும் இல்லையே?"

"நீங்க கேட்டத எழுதியிருக்கேன்."

என்னைப் பார்த்தார். மறுபடி தெருவைக் கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. இமேஜை அழித்தேன், குப்பைத்தொட்டியையும் காலி செய்தேன். பழைய டிவிடியை வாங்கி முழங்காலில் வைத்து மடக்கினார். சீக்கிரம் உடையவில்லை, வளைந்துகொண்டே போனது. உடைந்தபோது ஒரு சில் அவர் பெருவிரலைக் கிழித்தது. "சனியன்" என்றார். யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை. அண்ணாச்சி ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டு வந்தார்.

அந்த அம்மாள் அசையவில்லை.

கட்டுப்போட்டுக்கொண்டு புது டிவிடியை மனைவியிடம் நீட்டினார். "இந்தா, பிடி. வண்டி ஓட்டணும்லா."

அவள் வாங்கவில்லை. கைகளைச் சேலைக்குள் வைத்துக்கொண்டாள்.

"நீங்களே கொண்டு வாங்க."

"ஏன், ஒனக்குக் கையில என்ன?"

"வீட்டுக்குள்ள வரைக்கும் நீங்களே கொண்டு வாங்க."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. முனகிக்கொண்டே சட்டைப் பொத்தானைக் கழற்றி, டிவிடியை நெஞ்சோடு வைத்து, மறுபடி பூட்டினார். வண்டி கிளம்பியது.