மேய்ச்சல் சரிவில் மட்டும் மழை

1934 ஜூன் 4, சேந்தமங்கலம்

மலையடிவாரத்தில் காட்டிலாகா துரை இன்று இரண்டு மழைமானிகளை நட்டுவிட்டுப் போனார். பித்தளைக் குழாய், மேலே புனல். ஒன்று ஆடு மேயும் சரிவில். மற்றது வேலி போட்டு அடைத்த சரிவில், நான் தண்ணீர் சுமந்து வளர்க்கும் சந்தனக் கன்றுகளுக்கு நடுவே. ஆடு மேய்ந்தால் காடு போகும், காடு போனால் மழையும் போகும் என்பது துரையின் கட்சி. மேலிடத்தில் ஆதாரம் கேட்கிறார்களாம். தினமும் காலை எட்டு மணிக்கு அளந்து எழுத வேண்டியவன் காட்டைக் காவல் காக்கும் கார்டு அங்கமுத்து, அதாவது நான். அடைத்த பக்கம் மழை அதிகம் என்று வந்தால் அடிவாரம் முழுவதும் வேலிதான். வரட்டும்! ஆட்டைக் கண்டாலே எனக்கு ஆகாது.

ஜூன் 20

இரண்டிலும் ஒன்றுமில்லை.

ஜூலை 6, வெள்ளி

வானத்தில் மேகமே இல்லை. அடைத்த சரிவில் பூஜ்யம். மேய்ச்சல் சரிவில் இரண்டு அங்குலம்! எனக்குத் தெரியாமல் எப்போது பெய்தது? என் வீட்டுக் கூரை ஒழுகியிருக்க வேண்டுமே? கண்டதை அப்படியே எழுதிவிட்டேன்.

ஜூலை 13, வெள்ளி

மறுபடியும் இரண்டு அங்குலம். மழை மஞ்சளாக இருக்கிறது. துரைக்குக் கடுதாசி போட்டேன்.

ஜூலை 17

பதில் வந்தது. "புழுதியாக இருக்கும். அளவை மட்டும் எழுது."

ஜூலை 20, வெள்ளி

விடியும்போதே போய்ப் புதருக்குப் பின்னால் உட்கார்ந்தேன். மாரக்காளும் நாலைந்து பெண்களும் வந்தார்கள். மாரக்காளுக்குப் பதினொரு ஆடு. மூன்று தடவை நான் பிடித்துச் சர்க்கார் பவுண்டுத் தொழுவத்தில் அடைத்தவை. மழைமானிக்கு மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, புனலில் சொம்புத் தண்ணீரை ஊற்றிக் கும்பிட்டார்கள். பாய்ந்து போய்க் கத்தினேன்.

"ஏனுங்க சாமி, மழைக்குன்னு சர்க்காரே ஒரு சாமிய நட்டு வெச்சிருக்குது. தண்ணி ஊத்தாம உட்டா மழை எப்படிங்க வரும்?" என்றாள் மாரக்காள்.

"அப்போ வேலிக்குள்ள இருக்கிற சாமிக்கு?"

"அங்க வந்தா நீங்க புடிச்சுப் போடுவீங்களே!"

நல்ல சட்டம், நல்ல கார்டு.

ஜூலை 21

சொன்னால் வேலை போய்விடுமோ? சொல்லாவிட்டால் வேலி போய், என் கன்றுகளும் போய்விடும். சொல்லிவிடுவது.

ஆகஸ்ட் 2

துரையிடம் நேரிலேயே சொன்னேன். சிரித்தார். "பெண்கள் பேச்செல்லாம் ஆதாரம் ஆகாது. எண் பொய் சொல்லாது. என் கட்சி தப்பென்றால் ஒப்புக்கொள்ள எனக்குத் தைரியம் உண்டு" என்றார்.

பாவி மனுஷா, அந்த எண்ணை எழுதினவனே நான்தானே!

டிசம்பர் 10

உத்தரவு வந்துவிட்டது. ஆடு மேய்கிற இடத்தில் மழை அதிகம் என்பது நிரூபணமாகிவிட்டதாம். வேலியைப் பிரிக்க வேண்டும். அடைத்த சரிவிலும் மழை பெய்விக்க நாற்பது சர்க்கார் ஆடுகள் வருகின்றன. மேய்க்கப் போவது யார்? வேறு யார் — கார்டு அங்கமுத்துதான்.

டிசம்பர் 17

காக்கிச் சட்டையும் கையில் கோலுமாக ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனேன். ஊரே நின்று வேடிக்கை பார்த்தது. மாரக்காள் மட்டும் சிரிக்கவில்லை.

"எங்களாலதானே சாமி உங்களுக்கு இந்தக் கதி. நீங்க கீழ நில்லுங்க, கன்னுப் பக்கம் நான் மறிச்சுக்கறேன்" என்று கூடவே வந்தாள்.

எனக்கு ஆடு மேய்க்கத் தெரியாது. அவளுக்குத் தெரியும். பொழுது சாயும்வரை மறித்து நின்றாள். ஒரு கன்றில்கூட வாய் வைக்க விடவில்லை. திரும்பும்போதுதான் அவளுடைய ஆடுகள் எங்கே என்று கேட்கத் தோன்றியது. பதினொன்றும் காலையிலிருந்து பட்டியிலேயே பட்டினியாம்.